காத்திருப்பு அறையில் கிடந்த படங்கள்

குஸ்தோதியோ அனுப்பிய படம் மறுபடியும் வந்து நின்றது. நாற்பது எம்.பி. யாஸ்னா தேநீரை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, ‘நிராகரி’ என்ற பொத்தானை ஆற அமர அழுத்தினாள். அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

வால்பரைசோ துறைமுக நகரத்தில் கோர்தியேரா குன்றுக்காரர்கள் தங்கள் சுவரோவியங்களுக்கென்று ஓர் இணையதளம் வைத்திருந்தார்கள். குன்றில் யார் எந்தச் சுவரில் வரைந்தாலும் அதில் படம் ஏறும். வாடகைக்கு எடுத்த சர்வர் தீப்பெட்டி அளவு. படம் ஏற்றுகிறவர்களோ, கைப்பேசி எடுத்துக் கொடுத்ததை அப்படியே தள்ளிவிடுகிற மகராசர்கள். அதனால் தளத்தைப் பார்த்துக்கொண்ட யாஸ்னா ஒரு விதி வைத்தாள். இரண்டு எம்.பி.க்கு மேல் போனால் படம் நேராக ஏறாது, காத்திருப்பு அறையில் போய் உட்காரும். அவள் சுருக்கி ஏற்றினால் உண்டு, நிராகரித்தால் போயே போச்சு. அந்த அறைக்கு நகல் கிடையாது. மற்றவர்கள் அனுப்புவதை முணுமுணுத்துக்கொண்டே சுருக்கிவிடுவாள். குஸ்தோதியோவுக்கு மட்டும் அந்தச் சலுகையை நிறுத்தியிருந்தாள்.

காரணம் இல்லாமல் இல்லை. படிக்கட்டு திரும்பும் இடத்தில் இருந்த சுவரில் அவளுடைய அண்ணன் நிபால்தோ அம்மாவை வரைந்திருந்தான். அம்மா கொடியில் துணி காயப்போடுகிறாள். பின்னால் ஜன்னலில் ஒரு சிறுமி எட்டிப் பார்க்கிறாள். அந்தச் சிறுமி யாஸ்னா. மூன்று வருடங்களுக்கு முன் மலையிலிருந்து இறங்கிய காட்டுத்தீ வீட்டையும், அதற்குள் நிபால்தோவையும், அவன் வரைந்து வைத்திருந்த அத்தனையையும் கொண்டுபோனது. மிச்சம் அந்தச் சுவர்தான். தளத்தில் அதன் படம் ஒன்று இருந்தது. கண்டிப்பு நம் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கட்டும் என்று முதல் வேலையாக அதைத்தான் சுருக்கினாள், மூலத்தை அழித்தாள். சுருங்கிய படத்தில் அம்மா துணிக்கவ்வி அளவு, ஜன்னலில் இருந்தவள் ஒரு பழுப்புப் புள்ளி. அப்போது அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சுவர் எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தாள்.

அத்தை மகளின் கல்யாணத்துக்குத் தெற்கே போய்விட்டு வந்தபோது அந்தச் சுவரில் அம்மா இல்லை, ஒரு தேன்சிட்டு பறந்துகொண்டிருந்தது. கீழே குஸ்தோதியோவின் கையெழுத்து.

கையெழுத்துப் போட்ட சுவரை, போட்டவனைக் கேட்காமல் தொடக் கூடாது; அவன் செத்துப்போயிருந்தால் வீட்டாரைக் கேட்க வேண்டும். சாய டப்பாவைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிற வாலுப் பையன்கள்கூட அந்தக் குன்றில் இதை மீறுவதில்லை. மீறியவனோ, நிபால்தோவோடு ஒரே சாரத்தில் நின்று வரைந்த சிநேகிதன். ரொட்டிக்கடை வாசலில் அவனைப் பிடித்தாள்.

“யாரைக் கேட்டுய்யா அந்தச் சுவத்துல கை வச்ச?”

“யாஸ்னா, கொஞ்சம் பொறு, சொல்றேன். நீ ஊர்ல இல்ல, போனும் எடுக்கல. சுவரு வந்து...”

“வாயைத் திறக்காத. செத்தவன் எந்திரிச்சு வந்து கேக்கமாட்டான்னு தைரியம் உனக்கு.”

“அப்படி இல்லம்மா, முதல்ல நான் சொல்றதைக் கேளு.”

“உன் சிட்டு மூஞ்சியில நான் காறித் துப்புறதுக்குள்ள இடத்தைக் காலி பண்ணு.”

அன்றே அவன் எண்ணைக் கைப்பேசியில் முடக்கினாள். வீட்டுக் கதவைத் தட்டினால் விளக்கை அணைத்துவிடுவாள். அதோடு விட்டாளா என்றால் இல்லை. துறைமுகப் படிக்கட்டின் நெடுஞ்சுவரை வரைய ஆள் எடுக்கிறவர்கள் வசந்தத்தில் இந்தத் தளத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அந்தச் சுவருக்காக குஸ்தோதியோ பல வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். அவனுடைய பழைய படங்களையெல்லாம் தபால்தலை அளவுக்குச் சுருக்கினாள். புதிதாக வந்த சிட்டை வர வர நிராகரித்தாள். என் அண்ணனைச் சுவரிலிருந்து துடைத்தாய் அல்லவா, உன்னை இங்கிருந்து துடைக்கிறேன் பார் என்று ஒவ்வொரு தடவையும் வாய்விட்டே சொன்னாள்.

அவனுக்கு இது தெரியவே தெரியாது; சிட்டு தளத்தில் ஏறவில்லையே என்று மறுபடி படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தான். நிராகரிப்பு மின்னஞ்சலில் போகும். அந்தக் குன்றில் மின்னஞ்சலை யார் திறக்கிறார்கள்? படத்தை அனுப்பியதும் திரையில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று வரும். அதைப் பார்த்தால் போதும், எல்லோரும் கைப்பேசியிலிருந்து படத்தை அழித்து இடம் பண்ணிக்கொள்வார்கள். இனி அது தளத்தின் பொறுப்பு என்பது அவர்கள் நினைப்பு.

பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் காத்திருப்பு அறை நிரம்பி வழிந்தது. முப்பது சொச்சம் படங்கள், எல்லாம் குஸ்தோதியோ அனுப்பியவை. தலைப்பு கிடையாது, கேமரா போட்ட எண்கள் மட்டும். அவ்வளவு பெரிய படத்துக்குச் சிறு உருவமும் திரையில் வராது. சாம்பல் கட்டங்களாக வரிசைகட்டி நின்றன.

தளத்து வேலையில் உதவிக்கு வரும் மிரேயா எட்டிப் பார்த்தாள். “என்னடி இது, மனுசன் கடையையே காலி பண்ணி அனுப்பிட்டானா?”

“சிட்டை றெக்கை றெக்கையா பிச்சு அனுப்புறான். என்னைச் சீண்டிப் பாக்குறான்.”

“ஒண்ணையாவது தொறந்து பாரேன்.”

“இது தொறந்து வர்றதுக்குள்ள என் தேத்தண்ணி ஆறிடும். அவனுக்கு அந்த மரியாதை வேறயா?”

“என்னமோ போ. பாவம் பிடிச்சா எனக்குப் பங்கு வேணாம்.”

எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் தேர்ந்தெடுத்தாள். திரும்பக் கிடைக்காது, சம்மதமா என்று திரை கேட்டது. கேட்பானேன்? அழுத்தினாள். அன்று சாயங்காலம் ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது பாட்டுகூட வந்தது.

அடுத்த வாரம் கதவு திறந்திருந்த நேரம் பார்த்து குஸ்தோதியோ உள்ளேயே வந்துவிட்டான். தொப்பியைக் கையில் பிடித்திருந்தான். அவள் எழுவதற்குள் பேச ஆரம்பித்தான்.

“திட்டுறதுன்னா அப்புறம் திட்டு. படமெல்லாம் பாத்தியா? எப்பப் போடப்போற?”

“எந்தப் படம்?”

“நிபால்தோ சுவருதான். நீ ஊர்ல இல்லாதப்ப பூமி ஆடினதுல காரை பெயர்ந்து தொங்கிச்சு. சுவத்துக்குச் சொந்தக்காரன் கொத்தி எடுக்க ஆளைக் கூட்டிட்டு வந்து நிக்கிறான். ஒரே ஒரு நாள் தவணை கேட்டேன். சாரம் கட்டி ஏறி, கையகலம் கையகலமா முழுச் சுவத்தையும் படம் எடுத்தேன். புதுக் காரையை வெறுமனே விட்டா கண்டவனும் கிறுக்குவானேன்னுதான் சிட்டை வரைஞ்சேன். இதைச் சொல்லத்தான் உன் பின்னாடியே அலைஞ்சேன், நீ எங்க விட்ட? நேர்ல குடுக்க வச்சிருந்ததைக் கடைசியில தளத்துக்கே அனுப்பிட்டேன்.”

யாஸ்னா திரையில் காத்திருப்பு அறையைத் திறந்து பார்த்தாள். காலியாக இருந்தது.

“கிட்டப் போய்ப் பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது. ஜன்னல்ல நிக்கிற உனக்கு முன்பல்லு ரெண்டு இல்ல. கீழ இருந்து பாத்தா தெரியாது, அவன் அதையும் வரைஞ்சிருக்கான். அம்மா கையில கல்யாண மோதிரத்துத் தழும்புகூட இருக்கு. நல்லா இருந்துச்சில்ல?”

“உன் போன்ல இருக்குதா?” என்று கேட்டாள்.

“அது எங்க இருக்கும்? மூச்சுத் திணறுற போனு. பெற்றுக்கொண்டோம்னு வர வர ஒவ்வொண்ணா அழிச்சுட்டேன். அதான் உங்கிட்ட வந்திடுச்சே.”

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சர்வர் கெட்டுப்போச்சு என்றால் அவன் நம்பிவிடுவான், ஐயோ பாவம் என்றுகூடச் சொல்வான். அவனுடைய இரக்கத்தை வாங்கிக்கொண்டு இருக்க அவளால் முடியவில்லை.

“அழிச்சுட்டேன் குஸ்தோதியோ. உன் பேரைப் பாத்ததும் தொறக்காமலே எல்லாத்தையும் அழிச்சுட்டேன். வேணும்னேதான் பண்ணினேன்.”

அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், பழைய கோபத்தையே இழுத்துப் போர்த்திக்கொண்டிருப்பாள். அவன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனான்.

“நான் சுவத்தை மட்டும்தான் அழிச்சேன், யாஸ்னா,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.