உட்கார முடியாத பெஞ்சு

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில் ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் பதுங்கியிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக்கூடாது என்று, பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போகிறவர்களைக் காலையில் கேட்டில் நிறுத்திச் சோதித்த பிறகுதான் வெளியே விடுவார்கள். வாளியைத் தரையில் கவிழ்த்துக் காட்ட வேண்டும். மழைக்காலத்தில் வாளியின் வாயெல்லாம் சேறு. அந்தச் சேறு பாலில் கலந்தால் வேலை வாங்கும் மண்டோரின் ஏச்சைக் காது கொடுத்துக் கேட்கவே முடியாது. டொரீனின் அம்மா கான்ஸ்டன்ஸ் வீடு திரும்பியதும் முதலில் மண்டோரைத் திட்டுவாள், பிறகு சேற்றை, அதன் பிறகுதான் தேநீர்.

அந்தச் சமயத்தில் பள்ளிப் பட்டறையில் பெர்னாட் வாத்தியார் ஒரு வேலை கொடுத்தார். "யாருக்காவது உபயோகமா ஒரு சாமான் செய்யணும். மொதல்ல அவங்கள கேளு, அப்புறம் அட்டையில செஞ்சு பாரு. கடைசிலதான் பலகையில கைய வைக்கணும்."

டொரீனுக்குப் பதின்மூன்று வயது. ரம்பம் பிடிப்பதில் பையன்களுக்குச் சளைத்தவள் இல்லை, பொறுமைதான் கிடையாது. அம்மாவை மட்டும் கேட்டுவிட்டு, அட்டை எதுக்கு என்று நேராகப் பலகையை அறுத்தாள். வாளிகளைக் கவிழ்த்து வைக்க நீளமான ஒரு பெஞ்சு தயாரானது.

கேட்டில் அதைப் போட்ட மறுநாள் அம்மாவிடம் ஆசையோடு கேட்டாள், "எப்படிம்மா இருக்கு?"

"ரொம்ப நல்லாருக்குலா. இருசப்பன் அதுலதான் ஒக்காந்துருக்கான். நாங்க பழையபடி சேத்துலதான்."

இருசப்பன் கேட்டில் காவலுக்கு நிற்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். பக்கத்துத் தோட்டத்து ஆள். துப்பாக்கி வைத்திருப்பவனை எழுந்திரு என்று சொல்வது யார்?

டொரீன் இந்த முறை அட்டையை எடுத்தாள். மனிதனால் உட்கார முடியாது, வாளி உட்காரும். அப்படி ஒன்று எது? பலகையே இல்லாமல் இரண்டு சட்டங்கள். நடுவில் இடைவெளி. வாளியின் விளிம்பு இரண்டு சட்டத்திலும் படும், கவிழ்த்தாலும் விழாது. அம்மாவின் வாளியைக் கொண்டுவந்து அளந்து பார்த்துத்தான் ஆணி அடித்தாள்.

பழைய பெஞ்சை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்ட காலையில், சட்டங்களின் மேல் யாரோ கோணிப்பையை விரித்திருந்தார்கள். இருசப்பன் அதைப் பார்த்தான், திருப்தியாகத் தலையாட்டினான், உட்கார்ந்தான். கோணியோடு உள்ளே இறங்கினான். பின்புறம் சட்டங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது; பூட்ஸ் இரண்டும் வானத்தைப் பார்த்தன. வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கான்ஸ்டன்ஸ் பால் வாளிகளைத் தோளில் தூக்கும் காண்டாக் கம்பை நீட்டி, "புடிச்சுக்க தம்பி" என்று இழுத்துவிட்டாள்.

அன்று மதியம் இருசப்பன் துப்பாக்கியோடு பட்டறை வாசலில் வந்து நின்றான். டொரீன் சுத்தியைக் கீழே வைத்தாள்.

"அத செஞ்ச புள்ள யாரு?"

"நான்தான் மாமா."

இருசப்பன் தன் பூட்ஸைக் காட்டினான். "விடியறதுக்கு முன்ன நின்னா வெயில் ஏறுற வரைக்கும் நிக்கணும். காலு வீங்கிப்போவுது. எனக்கும் ஒண்ணு செஞ்சு குடேன்."

வாத்தியார் டொரீனைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்தது: அம்மாவைக் கேட்டாளே தவிர, அதே கேட்டில் நிற்கும் இன்னொரு ஆளைக் கேட்கவேயில்லை. பென்சிலை எடுத்தாள். "ஒக்காந்தா தொரை ஏசுவாரா மாமா?"

"ஏசுவாராவா? வேலையே போயிரும்."

அட்டையில் மூன்று முறை செய்து பார்த்தாள். இடுப்பு உயரத்துக்கு ஒரு முக்காலி. அதில் சாய்ந்தாற்போல் உட்கார்ந்தால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஆள் நிற்பது போலத்தான் தெரியும். மரத்தில் செய்து கொடுத்த முதல் நாளே துரையின் ஜீப் வந்தது. இருசப்பன் முக்காலியிலிருந்தே சல்யூட் அடித்தான். ஜீப் நிற்காமல் போய்விட்டது.

அன்று சாயங்காலம் கான்ஸ்டன்ஸ் வாளியைக் கழுவிக்கொண்டே சொன்னாள், "சேறே இல்ல. ஆனா அவன் இப்ப சொகமா ஒக்காந்துகிட்டு ஒவ்வொருத்திகிட்டயும் ஊர்க்கதை பேசறான். வரிசை நவுரவே மாட்டேங்குது."

டொரீன் பென்சிலைத் தேடினாள்.