பங்கேற்பாளர் அ சூப் வைக்கிறார்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, இங்காவுடையது. எழுதட்டுமா என்று கேட்டேன். "உங்க பாஷையில எழுதறதுன்னா எழுதிக்கோ. எல்சி கண்ணுல படக்கூடாது, அவ்ளோதான்" என்றாள். ஷெட்லாந்துத் தீவுகளில் தமிழ் வாசிக்கிற ஆள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். அந்தத் தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் எல்சி, இங்காவின் அண்ணன் மகள், இருப்பது அபர்தீன் நகரத்தில். அங்கே தமிழர்கள் உண்டு. யாராவது அவளுக்குப் படித்துச் சொல்லித் தொலைத்துவிட்டால் என்ற பயமும் கூடவே உட்கார்ந்திருக்கிறது.

பெயர்களை மாற்றிவிட்டேன். நாங்கள் இருவரும் சேர்ந்து படித்த படிப்பு முதலில் சொல்லித்தந்ததே அதைத்தான்.

2

[தொடக்கம்: "லெர்விக் துறைமுகத்தில் அன்று பேய்க்காற்று—" வேண்டாம். இங்கே காற்று அடிக்காத நாள் வந்தால் எழுதலாம்.]

[இன்னொன்று: "நாற்பத்தாறு வயதில் இங்காவுக்கு உளவியல் படிக்கும் ஆசை வந்தது." ஆசை என்பது பொய். அவளுடைய அண்ணி புற்றுநோயில் கிடந்தபோது அந்த வீட்டில் யாருக்கும் வாய் திறக்கத் தெரியவில்லை. அடுத்தவர் பேசுவதைக் கேட்கத் தெரிந்த ஒருத்தியாவது குடும்பத்தில் வேண்டும் என்றுதான் படகுத்துறைச் சீட்டு விற்பவள் இணையவழி முதுகலையில் சேர்ந்தாள்.]

இதுவே தொடக்கமாக இருக்கட்டும். நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். என் வீட்டில் இணையம் நொண்டும். அதனால் இங்காவின் அடுக்களை மேசைதான் எங்கள் இருவருக்கும் பல்கலைக்கழகம்.

3

இரண்டாம் பருவத்தில் ஒரு பாடம். ஒருவரைப் பேட்டி எடுத்து, ஒலிப்பதிவு செய்து, சிரிப்பும் மௌனமும் விடாமல் தட்டச்சிட வேண்டும். மனம் நோகும் விஷயத்தைத் தொடக்கூடாது, பேசுபவர் அந்தப் பக்கம் போனால் பக்குவமாகக் கேள்விக்குத் திருப்ப வேண்டும். பதிவை வேறு யாருக்கும் தரக்கூடாது. மதிப்பெண் உறுதியானதும் அழித்துவிட வேண்டும்.

இங்கா 'ஐம்பதுக்குமேல் சமையல் கற்றல்' என்று தலைப்பு வைத்தாள். நோகாத தலைப்பு. பேட்டி கொடுத்தவர் அவளுடைய அண்ணன் லாவ்ரி. மனைவி போனபிறகு கரண்டி பிடித்தவர்.

(லாவ்ரியைக் கணவனாக மாற்றினால் கதை இன்னும் உருக்கமாக இருக்குமோ என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். பிறகு வெட்கப்பட்டேன். ஒரு பெண்ணுக்கு அண்ணன் போனால் போதாதா?)

4

தட்டச்சிட்டதைச் சரிபார்க்க எனக்குக் கொடுத்தாள். அதைப் படிக்கலாம், ஒலியைக் கேட்கக்கூடாது. ஆகவே எனக்கு லாவ்ரி என்றால் 'பங்கேற்பாளர் அ'. நினைவிலிருந்து, நம் பேச்சில் எழுதுகிறேன் (இந்தத் தீவுப் பேச்சிலும் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு):

கேட்பவர்: சமையல் எப்ப கத்துக்க ஆரம்பிச்சீங்க?

பங். அ: (சிரிப்பு) என்ன 'ஆரம்பிச்சீங்க'? உன்னைத் தோள்ல தூக்கிட்டு அலைஞ்சவன்டி நான். சட்டையெல்லாம் நனைச்சு வெச்சவ, இப்ப நீங்க நாங்கங்கறா.

கேட்பவர்: அண்ணா, பதிவாகுது.

பங். அ: ஆகட்டும். அழிச்சிடுவேல்ல?

கேட்பவர்: மார்க் வந்ததும் அழிச்சிடுவேன்.

பங். அ: சத்தியமா? எல்சி காதுக்குப் போகக்கூடாது. (இடைவெளி) இப்பவும் ரெண்டு தட்டுதான்டி எடுத்து வெக்கறேன். வெச்சப்புறம்தான் உறைக்குது. இது தெரிஞ்சா அந்தப் பொண்ணு வேலைய விட்டுட்டு ஓடி வந்து நிக்கும். (இடைவெளி) சாயங்காலம் ஆச்சுன்னா எனக்கு...

கேட்பவர்: சரி. நாம சூப்புக்கு வருவோம். கறிய எவ்ளோ நேரம் ஊறவைப்பீங்க?

பங். அ: (இடைவெளி) ராத்திரி பூரா.

அந்தக் கறி உப்பிட்டு, கரிப்புகையில் தொங்கவிட்டு உலர்த்தும் ஆட்டுக்கறி. ஊறவைக்காமல் போட்டால் வாயில் வைக்க முடியாது. மனைவி செய்த அந்த வேலை லாவ்ரிக்குத் தெரியவே தெரியாதாம். முதல் சூப்பை நாயும் சீண்டவில்லை என்று அடுத்த பக்கத்தில் சொல்லிச் சிரிக்கிறார். நானும் சிரித்தேன். 'சாயங்காலம் ஆச்சுன்னா எனக்கு' என்ற இடத்தை, ஒரு புள்ளி கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்றுதான் பார்த்தேன்.

5

மார்ச்சில், சால்மன் பண்ணையில் வேலை முடிந்து காரில் ஏறிய லாவ்ரி வண்டியைக் கிளப்பவில்லை. இதயம் நின்றுவிட்டது.

மதிப்பெண் ஏப்ரலில் வந்தது. நல்ல மதிப்பெண். ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருந்தார்: 'பங்கேற்பாளர் கலங்கத் தொடங்கியபோது மிக நேர்த்தியாகக் கேள்விக்குத் திருப்பியிருக்கிறீர்கள்.' பாவம், அவருக்கு என்ன தெரியும். இங்கா அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். பாதி வாசித்து மடிக்கணினியை மூடிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"கேக்கக் கத்துக்கத்தானே சேர்ந்தேன்" என்றாள். "என் அண்ணன் வாயைத் திறந்தான். நான் கறி எவ்ளோ நேரம் ஊறணும்னு கேட்டேன்."

நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்த ஆண்டு படித்த எந்தப் பாடமும் எனக்கு அப்போது உதவவில்லை.

6

பிறகு எல்சி தொலைபேசியில் அழைத்தாள். நான் பக்கத்தில் இருந்தேன், ஒலிபெருக்கியில் இருந்தது.

"அத்தை, அப்பா குரல் என்கிட்ட ஒண்ணுகூட இல்ல. போன் பண்ணா 'எல்லாம் நல்லாருக்கு, காசு ஆகும், வை'ம்பாரு. உன் படிப்புக்கு ஏதோ பேசினாராமே. அதைக் குடேன்."

"அது... சூப் பத்திதான்டா கண்ணு."

"சூப்போ சோப்போ. அவர் குரல்தானே?"

இங்கா என்னைப் பார்த்தாள். நான் கெட்டிலைப் பார்த்தேன்.

அழிப்பதாகச் சொன்ன நாள் வந்துவிட்டது. பதிவு இன்னும் இருக்கிறது. இரண்டு தட்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

7

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அழிக்கிறாள். கொடுத்த சத்தியம் நிற்கிறது, பல்கலைக்கழக விதியும் நிற்கிறது. எல்சி அப்பாவின் குரலை மறந்துபோகிறாள், அதற்கு எத்தனை வருடம் பிடிக்கும் என்று— [இதை முடிக்க மனம் வரவில்லை.]

எல்சிக்குக் கொடுக்கிறாள். மகள் கேட்கிறாள். அப்பா மறைத்த தனிமை, அதை அத்தை சூப்பால் மூடியது, எல்லாம். பிறகு அவள் அபர்தீனில் எந்தச் சாயங்காலத்தை நிம்மதியாகக் கழிப்பாள்?

மூன்றாவதை நினைத்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. பேட்டி முடிந்தபிறகும் இங்கா நிஜமாகவே பதிவை நிறுத்த மறந்திருக்கிறாள், அவளே சொன்னது. கிண்ணம் வைக்கும் ஓசை, அகப்பையின் ஓசை, லாவ்ரி பரிமாறுகிறார். அது பேட்டியில் சேராது, அதில் ரகசியமும் இல்லை. அந்த வாலை மட்டும் வெட்டிக் கொடுத்தால் என்ன? ஓடிப்போய்ச் சொன்னேன்.

"வாலை மட்டும் குடுத்தா, தலை எங்கன்னு கேக்கமாட்டாளா? அவ லாவ்ரி பெத்த பொண்ணு" என்றாள் இங்கா. "கதைக்கு வேணா வெச்சுக்கோ. எனக்கு உதவாது."

வைத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அது கதைக்காரியின் சாமர்த்தியமாகத்தான் பட்டது.

8

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. அழிப்பதா, கொடுப்பதா என்று நீங்கள் சொல்லுங்கள். சொல்வதற்குமுன் பதிவின் கடைசியில் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் கேட்டதில்லை, இங்கா சொன்னதுதான்.

லாவ்ரி கேட்கிறார்: "உப்பு கூடிப்போச்சாடி?"

அப்போதுதான் இங்கா கருவியைக் கவனித்து நிறுத்தியிருக்கிறாள். அவள் பதில் அதில் இல்லை.

என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"ஞாபகமே இல்ல" என்றாள். "வாய் நிறைய சூப் இருந்தது."