பூஜையில் வைத்த ஸ்பேனர்

"அதுல கை வெக்காதே. பூஜைல வெச்சாச்சு," என்றாள் ஜெயலக்ஷ்மி.

"ஒரே ஒரு ஸ்பேனர்மா. வேலை முடிஞ்சதும் அதே எடத்துல வெச்சுடறேன். சரஸ்வதி கவனிக்கவே மாட்டா."

"அவ கவனிக்கலேன்னா நான் கவனிப்பேன். நாளைக்குக் கார்த்தால புனர்பூஜை ஆனப்பறம் அவா அவா சாமானை அவா அவா எடுத்துக்கலாம். பாடப் புஸ்தகத்தை எல்லாம் கட்டி உள்ளே வெச்சப்போ வாயே தொறக்கலை நீ. ஸ்பேனருக்கு மட்டும் தொண்டை அடைக்கறதாக்கும்."

சாய்சரண் பூஜை அறை வாசலிலேயே நின்றான். முழங்கை வரை கிரீஸ். உள்ளே அவன் தங்கை மஹதியின் வீணைக்கும் அருவாமணைக்கும் நடுவில் அவனுடைய டூல் பாக்ஸ் மொத்தமும் வரிசையாகப் படுத்திருந்தது. ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள் அம்மா. அவன் டிபன் சாப்பிடப் போன நேரத்தில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். பத்தொன்பது நம்பர் ஸ்பேனர் அங்கேதான் இருந்தது, கழுத்தில் ஒரு சாமந்திப் பூவோடு.

"டீச்சர் நாளைக்கு விடிகாலைல அவா அக்காவைக் கண் ஆபரேஷனுக்கு அழைச்சிண்டு போகணும்மா."

"டாக்ஸி வெச்சுண்டு போகட்டும். நீ மொதல்ல கையை அலம்பு."

டீச்சர் என்றால் மாடிப் போர்ஷன் மர்சலின் டீச்சர். சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். சிங்கப்பூரில் இருந்த அவர் தம்பி ஆம்ப்ரோஸ் ஒரு காரைக் கப்பலில் கொண்டுவந்து, கொஞ்ச நாள் ஓட்டி, டீச்சரிடமே விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மெட்ராஸ் அப்போதுதான் சென்னையாகி இருந்தது. மந்தைவெளியில் பவர் ஸ்டீயரிங் வைத்த வண்டி என்றால் ஜனங்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். டீச்சருக்கோ அது பெருமைக்கு இல்லை. வலது தோள்பட்டை இறுகிப்போய், கையை மேலே தூக்கி கரும்பலகையில் எழுதவே கஷ்டப்படுகிறவர். பழைய ஃபியட்டை விற்றபோது, இனி வண்டி ஓட்டுவது அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார். இந்த வண்டியின் ஸ்டீயரிங்கை ஒரு விரலால் சுற்றலாம் என்று தெரிந்த அன்றைக்கு, மாடவீதியை மூன்று தடவை சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

அந்த ஒரு விரல் சுகத்தைத்தான் சாய்சரண் கெடுத்து வைத்திருந்தான்.

ஆடி மாதத்தில் டீச்சர் வேளாங்கண்ணிக்குத் தியானத்துக்குப் போனபோது, "வண்டியை அப்பப்போ ஸ்டார்ட் பண்ணி வை, சரண்," என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிறவன் கையில் சாவி. ஸ்டார்ட் செய்வதோடு நிறுத்துவானா? பானெட்டைத் திறந்தான். ஒவ்வொரு மூடியாகத் திறந்தான். பவர் ஸ்டீயரிங் டப்பாவில் ஆயில் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. லஸ் கார்னர் நடைபாதையில் வாங்கிய வெளிநாட்டுக் கார் பத்திரிகையில் அது ஹைட்ராலிக் என்று படித்திருந்தான். வீட்டில் அப்பாவின் வண்டிக்கு வாங்கிய பிரேக் ஆயில் டின் பாதி இருந்தது. அதுவும் ஹைட்ராலிக். ஹைட்ராலிக் என்றால் ஹைட்ராலிக்தானே. மேல் கோடு வரை ஊற்றி, மூடியைத் துடைத்து, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு படுத்துத் தூங்கினான்.

டீச்சர் திரும்பி வந்ததும் வழக்கம்போல கால்வாய் ஓர மெக்கானிக் சுயம்புலிங்கத்திடம் சர்வீஸுக்கு விட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஊளைச் சத்தம். அப்புறம் தரையில் எண்ணெய். தி. நகரில் வெளிநாட்டு வண்டி பார்க்கிற ஒருவரிடம் காட்ட, துணைக்கு சாய்சரணையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த ஆள் டப்பாவில் விரலை விட்டு மோந்து பார்த்தார்.

"யாரு மேடம் இதுல பிரேக் ஆயில் ஊத்துனது? ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போயிருக்கும். பம்ப்பையே மாத்தணும்."

"சுயம்புதான்," என்றார் டீச்சர். யோசிக்கவே இல்லை. "அவன்தானே கடைசியா கை வெச்சான். இத்தனை வருஷ நம்பிக்கை."

சாய்சரணுக்கு வாய் திறந்தது. அதற்குள் டீச்சர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்த நிமிஷத்தில் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். வீட்டுக்கு வருகிற வழியில் சொல்லலாம் என்று பார்த்தான், பனகல் பார்க் டிராஃபிக்கில் அந்தக் கனத்த ஸ்டீயரிங்கோடு டீச்சர் மல்லுக்கட்டுவதைப் பார்த்து அதுவும் முடியவில்லை. அதற்குப் பதிலாக, "பம்ப்பை நானே மாத்தித் தரேன் டீச்சர், கூலி எல்லாம் வேண்டாம்," என்றான். ஆம்ப்ரோஸ் யாரோ வருகிறவர் கையில் புதுப் பம்ப்பைக் கொடுத்தனுப்பினார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளை," என்று டீச்சர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தடவை காதில் விழும்போதும் அவன் சைக்கிளை வேறு தெருவுக்குத் திருப்பிக்கொண்டு போனான்.

இன்று காலையில் நடந்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம்.

சுயம்புலிங்கம் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஷெட்டில் பூஜையை முடித்துவிட்டு, பழைய வாடிக்கை வீடுகளுக்குத் தானே போய்ப் பொரி கொடுப்பார். மர்சலின் டீச்சர் வீடுதான் முதல். கிறிஸ்துமஸுக்கு டீச்சர் வீட்டுக் கேக் முதலில் போவது சுயம்புலிங்கம் ஷெட்டுக்கு. இன்று அவர் வந்தபோது சாய்சரண் போர்ட்டிகோவில், வண்டிக்கு அடியில், பழைய பம்ப்பின் கடைசி போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் புது வேட்டியின் கரையும் ஒரு ஜோடி செருப்பும்தான்.

"டீச்சரம்மா, பொரி கொண்டாந்தேன்."

மாடியிலிருந்து குரல் வந்தது. "வேண்டாம்பா சுயம்பு. இந்த வருஷம் எங்க வீட்டுக்கு வேண்டாம்."

"இன்னா டீச்சர், நான் அத ஊத்தலன்னு எத்தினி தபா சொல்றது..."

"நல்ல நாள்ல பேச்சு வேண்டாம். போயிட்டு வா."

செருப்பு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு திரும்பிக் கேட்டைத் தாண்டிப் போனது. சாய்சரண் மல்லாந்து படுத்தபடி, முகத்தில் எண்ணெய் சொட்டச் சொட்ட, வெளியே வராமல் கிடந்தான்.

புதுப் பம்ப் உட்கார்ந்துவிட்டது. பெல்ட்டும் மாட்டியாகிவிட்டது. பம்ப்பிலிருந்து போகிற அழுத்தக் குழாயின் நட்டு ஒன்றுதான் பாக்கி. அதைக் கையால் திருகி வைத்தால் எண்ணெய் பீய்ச்சி அடிக்கும். அதற்குத்தான் பத்தொன்பது ஸ்பேனர், அதுதான் சாமந்திப் பூவோடு உள்ளே.

வேறு வழியில்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் ஸ்பேனர்கள் எல்லாம் வாழை இலையில் இருந்தன. அடுத்த தெரு சுப்பராமன் சார் கதவைத் திறக்கும்போதே, "டூல்ஸ்னா பேசாதே, சுத்தியல்கூட இல்லை," என்றார். கடைசியாக அப்துல் கஃபார் பாயின் பங்க்சர் கடை. அங்கே கம்ப்ரஸர் மேல் மாலை தொங்கியது.

"பாய், உங்க கடையிலுமா?"

"பசங்க போட்டுட்டானுங்கோ நைனா. நான் போயி தொட்டன்னு வெச்சிக்கோ, நாளைக்கு ஒருத்தனும் வேலைக்கி வரமாட்டான். வருசத்துல ஒரு நாளு நானும் சொம்மா குந்திக்கினு இருக்கேன். நீ சுயம்பு கிட்ட கேட்டுப் பாரேன்."

அந்தப் பெயரைத்தான் காலையிலிருந்து அவன் சுற்றிச் சுற்றித் தவிர்த்துக்கொண்டிருந்தான்.

சுயம்புலிங்கத்தின் ஷெட் கால்வாய் ஓரத்தில், பறக்கும் ரயிலுக்காக எழும்பிக்கொண்டிருந்த தூண்களுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் மட்டும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். சாமி படத்துக்கு முன்னால் ஒரு பலகையில் ஷெட்டின் மொத்த சாமானும் பொட்டு வைத்து இருந்தது. பக்கத்தில் பிரிக்காத பொரிப் பொட்டலங்கள்.

"பத்தொன்பது ஸ்பேனர் ஒண்ணு வேணும் அண்ணே."

"தம்பி, இன்னிக்கி போயி ஸ்பேனர் கேக்குறியே. எல்லாம் பூஜைல கீது, பாக்கலியா?" என்றார். பிறகு, "யாரு வண்டி?" என்றார்.

சாய்சரண் தலை குனிந்தான். "டீச்சர் வண்டி. பம்ப் மாத்திட்டு இருக்கேன். நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி போகணுமாம்."

சுயம்புலிங்கம் ரேடியோவை அணைத்தார். பலகையை ஒரு பார்வை பார்த்தார். படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு குனிந்து ஒரு ஸ்பேனரை உருவினார். அதன் மேல் இருந்த பூ கீழே விழுந்தது.

"அண்ணே, பூஜைல வெச்சது..."

"நான் வெச்ச பூஜை, நான் எடுக்கறேன். அந்தம்மாவுக்குத் தோளு ஆவாது. ஆஸ்பத்திரி வாசல்ல அந்தக் கனத்த வண்டிய எப்டி ஒடிக்கும்?" ஸ்பேனரைக் கொடுத்தவர் கையை உடனே விடவில்லை. "நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாத. அப்பறம் அந்த நட்டையும் நான்தான் கெடுத்தேன்னு ஆயிடும்."

அவர் சிரித்தார். சாய்சரணும் சிரிக்க வேண்டும் என்று முகத்தை என்னவோ செய்து பார்த்தான்.

குழாயை முடுக்கினான். பவர் ஸ்டீயரிங்குக்கே உரிய சிவப்பு எண்ணெயை ஊற்றி, இன்ஜினைப் போடாமலே சக்கரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுக்கத் திருப்பி, பழைய அழுக்கை வடித்து, மறுபடி ஊற்றினான். டப்பாவில் நுரை பொங்கி அடங்கியது. பிறகு டீச்சரைக் கீழே கூப்பிட்டு உட்காரவைத்து, ஸ்டார்ட் செய்யச் சொன்னான்.

ஊளை இல்லை. டீச்சர் ஆள்காட்டி விரலை ஸ்டீயரிங்கில் வைத்துச் சுற்றினார். முன் சக்கரம் சாதுவாகத் திரும்பியது. மறுபடி சுற்றினார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சாய்சரண் பானெட்டுக்குள் குனிந்துகொண்டான்.

"சரண், நீ நல்லா இருப்பே. அந்த ஷெட் ஆளு கெடுத்ததை வீட்டுப் பிள்ளை சரி பண்ணிட்டான்னு ஆம்ப்ரோஸுக்கு இன்னிக்கே எழுதறேன்." பிறகு, பானெட்டை மூடிவிட்டு ஜன்னலருகே வந்தவனின் கையைப் பார்த்தார். "என்ன, ஸ்பேனர்ல சந்தனம் இருக்கு? உங்கம்மா கடைசியில விட்டுக்கொடுத்துட்டாளா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் தேவை. கேள்வியே பதிலையும் தட்டில் வைத்துக் கொடுத்திருந்தது.

"இல்ல டீச்சர். சுயம்பு அண்ணன் அவர் பூஜைல இருந்து எடுத்துக் குடுத்தார். சொல்லக் கூடாதுன்னார்." ஸ்பேனரை மற்றக் கைக்கு மாற்றினான். "அவர் ஊத்தலை. நீங்க வேளாங்கண்ணி போயிருந்தப்போ நான்தான் ஊத்தினேன்."

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. டீச்சர் முந்தானையால் ஸ்டீயரிங்கைத் துடைத்தார், அழுக்கே இல்லாத இடத்தை.

"தி. நகர்ல அந்த ஆள் சொன்னப்போ நீ என் பக்கத்துல நின்னுட்டு இருந்தே."

"ஆமா டீச்சர்."

"காலைல நான் அவனைத் திருப்பி அனுப்பினப்போ?"

"வண்டிக்கு அடியில இருந்தேன்."

அவர் எட்டி இடப்பக்கக் கதவின் பூட்டைத் திறந்தார். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. "இதுக்குத்தான் எங்க கோயில்ல பாவமன்னிப்புக் கூண்டுன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க," என்றார். "ஆனா அங்க சொன்னா சாமியாரோட போயிடும். இது அப்படிப் போகாது. ஏறு."

கால்வாய் ஓரச் சந்தில் டீச்சர் வண்டியை ஒரே சுற்றில் திருப்பி ஷெட் வாசலில் நிறுத்தினார். வெளியே வந்த சுயம்புலிங்கம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முன் சக்கரத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"சுயம்பு, பொரி மிச்சம் இருக்கா? எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுப்பா. மன்னிச்சுக்கோ."

"இன்னா டீச்சர் பெரிய வார்த்தை எல்லாம்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், கையில் இரண்டு பொட்டலத்தோடு வந்தார். ஒன்றை டீச்சரிடம் கொடுத்தார். மற்றதைக் காட்டி, "இது தம்பிக்கு. பாவம், காலைலேர்ந்து அடியில படுத்துக்கினு..."

"அண்ணே," என்றான் சாய்சரண். இறங்கி நின்று, ஸ்பேனரை இரண்டு கையாலும் நீட்டினான். "அந்த பிரேக் ஆயில் ஊத்தினது நான். உங்க மேல பழி விழுந்தப்போ பேசாம இருந்துட்டேன்."

சுயம்புலிங்கம் ஸ்பேனரை வாங்கினார். புது வேட்டி என்றும் பார்க்காமல் அதன் நுனியால் துடைத்தார். மற்றக் கையில் இருந்த பொட்டலத்தைப் பானெட் மேல் வைத்துவிட்டு உள்ளே போய், ஸ்பேனரைப் பலகையில் அதன் இடத்தில் வைத்து, புதிதாகச் சந்தனம் இட்டு, விழுந்த பூவை எடுத்து மேலே வைத்தார். அங்கிருந்தே, திரும்பாமல் கேட்டார்.

"பெல்ட்ட ரொம்ப இறுக்கிடலையே?"

"இல்ல அண்ணே. அமுக்கினா அரை இஞ்ச் ஆடுது."

"அது போதும்."

அவ்வளவுதான். ரேடியோவைப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். டீச்சர் இன்ஜினைக் கிளப்பினார். பானெட்டின் நடுக்கத்தில் பொட்டலம் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகர்ந்தது.

"எடுத்துக்கறியா, இல்ல அங்கேயே வெச்சுட்டு வரியா? சீக்கிரம் சொல்லு, ஹேண்ட் பிரேக்கை எடுக்கப்போறேன்," என்றார் டீச்சர்.

சாய்சரண் கையை நீட்டினான். பாதியிலேயே நிறுத்தினான். ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு சைகையும் வரவில்லை. கை நிறைய சாமான் இருந்ததால் மனிதர் அதை அங்கே வைத்தாரா, கொடுக்க மனமில்லாமல் வைத்தாரா, நீயே யோசித்து எடுத்துக்கொள் என்று வைத்தாரா? நீங்களும்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, சொல்லுங்கள், அந்தப் பொரியை அவன் எடுத்துக்கொள்ளலாமா?