சனிக்கிழமை பத்து மணி வகுப்பு

ஆசிரியர் பயிற்சிக்கான சுற்றறிக்கை ஆண்டுக்கு ஒருமுறை வரும். தலைநகரில் ஐந்து நாள் தங்கிப் படிக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு டீச்சர் அதன் கீழே "வர இயலாது" என்று எழுதிக் கையெழுத்துப் போடத் தொடங்கி ஆறு வருடமாகிவிட்டது. கணவர் பக்கவாதத்தில் விழுந்தும் அத்தனை வருடம்தான். பள்ளி நேரத்துக்கு நாத்தனார் வந்து பார்த்துக்கொள்வாள். ஐந்து நாள் தங்க அவளுக்கும் தோதுப்படாது.

இந்த முறை வந்த சுற்றறிக்கை வேறு மாதிரி இருந்தது. வாசிக்கத் திணறும் பிள்ளைகளைப் பற்றி நிபுணரே நேரடியாக, இணையத்தில், சனிக்கிழமைதோறும் பத்து மணிக்கு வகுப்பெடுப்பார். பிறகு பதிவையும் கேட்டுக்கொள்ளலாம்.

முதல் சனிக்கிழமை டீச்சர் கணவரின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு, மருந்துப் பெட்டியில் போனைச் சாய்த்து வைத்தார்.

"ஐம்பத்தொரு வயசுல மறுபடியும் பெஞ்சுல உக்காரப் போற. ஃபெயிலானா என்கிட்ட கையெழுத்துக்கு வராத. எனக்குக் கை வராது" என்றார் கணவர், குழறிய நாவால்.

நிபுணர் டீச்சரைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். பீடிகை எதுவும் போடவில்லை. ஒரு பையன் பாடம் வாசிக்கும் ஒலிப்பதிவைப் போட்டார். ஒவ்வொரு சொல்லிலும் முட்டி, நின்று, தப்பாகச் சொல்லி, மறுபடி தொடங்கினான்.

"இந்தப் பையனப் பத்தி என்ன நினைக்கறீங்க? எழுதுங்க."

நூற்றுக்கணக்கான ஆசிரியர்களின் பதில்கள் திரையில் ஓடின. சோம்பல். வீட்டில் படிக்க வைப்பதில்லை. டீச்சரும் "கவனமில்லை" என்று எழுதினார்.

"இதே பக்கத்த மூணு மணி நேரம் படிச்சுட்டு வந்தான். இவனுக்கு ஒலிகளப் பிரிச்சுக் கேக்க வரல. அதச் சொல்லிக் குடுக்க வழி இருக்கு. நாமதான் குடுக்கல."

வகுப்பு முடிந்தபின் டீச்சர் அந்தப் பதிவை நான்கு தடவை நிறுத்தி நிறுத்திக் கேட்டார். சந்தேகமே இல்லை. பதினொரு வருடத்துக்கு முன்பு அவர் வகுப்பில் ஒரு பெண் இப்படித்தான் வாசித்தாள். எல்லாரும் சுருட்டை என்று கூப்பிடுவார்கள். "இவளுக்குப் படிப்பு ஏறாது, கைவேலை ஏதாவது பழக்கிவிடுங்க" என்று அவள் அப்பாவிடம் சொன்னது அவர்தான். அடுத்த வருடம் அவள் பள்ளிக்கு வரவில்லை.

மறு சனிக்கிழமை, கேள்வி நேரத்தில் டீச்சர் மைக்கைத் திறந்தார். "நான் ஒரு பொண்ணு விஷயத்துல தப்புப் பண்ணிட்டேன். இப்ப அவளுக்கு இருபது வயசு இருக்கும். இனிமே முடியுமா?"

"முடியும்" என்றார் நிபுணர். "ஆனா அந்தப் பொண்ணுக்கு வேணுமான்னு கேளுங்க. உங்க மனசு ஆறணும்னு மட்டும் போகாதீங்க."

சுருட்டை கடைத்தெருவில் சலவைக் கடை நடத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துணிமூட்டையிலும் ஒரு அட்டை தொங்கியது. பெயர்களுக்குப் பதில் படங்கள்: மீசை, மூக்குக்கண்ணாடி, தொப்பி. தேடிப்போன டீச்சர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்ன டீச்சர், துணி போடவா?"

டீச்சர் பதிலாகப் போனில் அந்தப் பையனின் வாசிப்பைப் போட்டார். சுருட்டை கேட்டாள். பாதியில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"உன்மேல தப்பில்லம்மா. எனக்குத்தான் சொல்லித்தரத் தெரியல. அது இப்பத்தான் எனக்கே தெரியுது."

சுருட்டை ஒரு சட்டையின் காலரை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க சொன்னத எங்கப்பா நம்புனாரு. நானும் நம்பிட்டேன். மக்குன்னு நினைச்சுக்கிட்டேதான் இத்தன நாளும் இருந்தேன். இப்ப வந்து இல்லங்கறீங்க. நான் என்ன பண்ணணும்?"

"இப்பவும் கத்துக்கலாம். சனிக்கிழம பத்து மணிக்கு எங்க வீட்டுல, போன்ல ஒரு அம்மா இதத்தான் சொல்லித் தர்றாங்க. நான்—"

"வேலை கிடக்கு டீச்சர்."

வீடு திரும்பியவர் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர், "அவ கோபம் அவளோடது. அதையும் நீ திருத்தணும்னு நினைக்காத" என்றார்.

டீச்சர் மறுபடி அந்தக் கடைக்குப் போகவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சில் திணறிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளைத் தினமும் அரைமணி நேரம் தனியே உட்கார வைத்து, நிபுணர் சொன்னபடி ஒலியிலிருந்து தொடங்கினார். முன்னேற்றம் மெதுவாகத்தான் வந்தது.

ஏழாவது சனிக்கிழமை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. சுருட்டை நின்றிருந்தாள்.

"அந்தம்மா பேசறத நானும் கேக்கலாமா? உங்ககிட்ட படிக்க வரல டீச்சர். அவங்ககிட்ட."

அந்தச் சொல் தைக்கத்தான் செய்தது. "உள்ள வாம்மா" என்று தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, டீச்சர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

"'மரம்'. முதல் எழுத்த எடுத்துட்டு 'க' போடுங்க" என்றார் திரையில் நிபுணர்.

சுருட்டை உதடு பிரியாமல் யோசித்தாள். கட்டிலிலிருந்து, "கரம்" என்று குழறினார் கணவர்.

"நீங்க சொல்லாதீங்க சார்" என்றாள் சுருட்டை. "எனக்கு வந்திருக்கும்."

அதன்பின் அவள் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. டீச்சரிடம் அதிகம் பேசமாட்டாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. பயிற்சி முடிந்தபிறகும் பழைய பதிவுகளைக் கேட்க வந்தாள். எட்டாவது மாதம், மருந்துக்கடைக்காரர் குறிப்பெழுதிய மாத்திரை அட்டையைக் கையிலெடுத்து, எழுத்தெழுத்தாக, விரல் வைத்து வாசித்தாள்: "சாப்-பாட்-டுக்-கு முன்."

"இத இவருக்குச் சாப்பிட்டப்புறம்தானே குடுக்கறீங்க?" என்று டீச்சரைப் பார்த்துக் கேட்டாள்.

டீச்சர் அட்டையை வாங்கிப் பார்த்தார். அவள் வாசித்தது சரி.