ஸ்மார்ட் போர்டுக்கு வைத்த பொட்டு

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வான் வண்டி வரும், எங்கள் ஸ்மார்ட் போர்டை ஏற்றிக்கொண்டு போகும். கல்விக் கந்தோரிலிருந்து சயந்தன் சேர் புதன்கிழமை போனில் சொன்ன செய்தி இது. கணினிப் பாடத்துக்குப் பொறுப்பானவர். யாழ்ப்பாணத்துக்காரர், பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது.

"அஞ்சு மாசமா அது வேலை செய்யேல்லை எண்டு உங்கட அதிபரே எழுதியிருக்கிறார், பிரேமிளா ரீச்சர். திருத்திப் பாவிக்கிற பள்ளிக்கூடத்துக்குக் குடுப்பம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பன்வில தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு பொருள் வந்து சேர்வதே பெரும்பாடு. வந்ததைத் தூக்கிக்கொண்டு போக விட்டுவிடுவேனா? நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். எங்களுக்கு ஆய்வுகூடம் இல்லை. கரும்பலகையில் இதயத்தைச் சோக்கால் கீறினால் அது கொய்யாப்பழமாகத்தான் வரும். அந்தப் போர்டில் ஒரே ஒரு நாள் இதயம் துடிப்பதைக் காட்டினேன். கடைசி வரிசைப் பிள்ளைகள் கதிரைமேல் ஏறி நின்று பார்த்தார்கள். அடுத்த வாரம் சரஸ்வதிக்கு எடுக்கும் வாணி விழா வந்தது. அதற்குப் பிறகு போர்டில் வெளிச்சம் வரும், ஆனால் தொட்டால் ஒன்றும் அசையாது.

போர்டைத் தந்தவர்கள் பயிற்சியும் தந்தார்கள்தான், ஒரு பின்னேரம். அதில் பாதி வரவேற்புரையில் போயிற்று. பழுதானால் யாரைக் கேட்பது என்று ஒருவரும் சொல்லவில்லை.

எங்கள் பள்ளி அதிபர் அழகர் சேரிடம் போனேன். நல்ல மனிதர், இருபத்தேழு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறார்.

"கெட்டுப்போன சாமான வச்சுக்கிட்டு என்னா செய்றது, டீச்சர்? மரியாதையா குடுத்துருவோம்."

"நாளைக்கு ஒரு நாள் இருக்குதானே சேர். நான் பாக்குறேன்."

வியாழன் காலை ஸுமைராவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். கல்வியியற் கல்லூரியில் என்னோடு படித்தவள், இப்போது திகனயில் கணினி ஆசிரியை. இதை ஐந்து மாதத்துக்கு முன்பே செய்திருக்கலாம். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டே இருந்துவிட்டேன்.

"சட்டத்த கிட்ட காட்டுங்க. அல்லாஹ், இதென்ன செவப்பா?"

"பொட்டு. வாணி விழாவுக்கு வச்சது."

"போர்டுக்குமா?"

போர்டுக்கும்தான். புத்தகத்துக்கும் தராசுக்கும் பூகோள உருண்டைக்கும் வைக்கும்போது அதை மட்டும் விடுவதா? அதிபரே தன் கையால், சட்டத்தின் உள்விளிம்பில் சாண் இடைவெளி விட்டுச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்திருந்தார்.

"அந்த வெளிம்பால கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போகுது. வெரல் அத மறைச்சாத்தான் நீங்க எங்க தொடுறீங்கன்னு போர்டுக்கு வெளங்கும். நீங்க அதுட கண்ணையே பொத்தி வெச்சீக்கீங்க. தொடச்சி விடுங்க."

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. ஒரு ஈரத்துணிக்காக ஐந்து மாதம்!

ஆனால் அழகர் சேர் துணியைத் தொட விடவில்லை. "சாமிய நெனச்சு வச்ச பொட்டு டீச்சர். அழிக்கக்கூடாது."

"வான்ல ஏத்திக்கிட்டுப் போனா அங்க தொடைக்கத்தான் போறாங்க சேர். அங்க உள்ள பிள்ளைங்க படிக்கும். நம்ம பிள்ளைங்க மறுபடி கொய்யாப்பழத்தப் பாக்கட்டுமா?"

அவர் துணியை என்னிடமிருந்து வாங்கி, மெதுவாக, ஒவ்வொரு பொட்டாக அவரே துடைத்தார். போர்டை அணைத்து மறுபடி போட்டோம். நான் விரல் வைத்ததும் கோடு விழுந்தது.

"நீங்களும் தொட்டுப் பாருங்க சேர்."

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு இதத் தொடவே பயம் டீச்சர். கெட்டுப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது? அதான் கும்பிட்டுக்கிட்டே இருந்துட்டேன்."

எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அன்று பள்ளி விட்ட பிறகு இரண்டு மணி நேரம் அவரை அந்த அறையிலிருந்து நான் வெளியே விடவில்லை.

வெள்ளிக்கிழமை வான் சரியாகப் பத்து மணிக்கு வந்தது. சயந்தன் சேர் போர்டைத் தொட்டுப் பார்த்தார். "ஓம், வேலை செய்யுது. சந்தோசம். ஆனா ரீச்சர், நீங்கள் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போனால் இது திரும்பவும் மூடிக் கிடக்கும். உங்களைத் தவிர ஆர் பாவிப்பினம்?"

நியாயமான கேள்வி.

அழகர் சேர் எழுந்தார். பதினோராம் வகுப்பைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். விரலால் ஒரு வட்டம் கீறினார். அது கோணலாக வந்தது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் அழித்துவிட்டு மறுபடி கீறினார், மறுபடியும் கோணல். மூன்றாம் முறை வட்டம் வட்டமாகவே வந்தது. அதற்குள் ஒரு நாணைக் கீறி, வட்டத்தை விரலால் பிடித்துப் பெரிதாக்கினார். சிரிப்பு நின்றது.

சயந்தன் சேர் ஏதோ கேட்க வாயெடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க சேர்," என்றார் அதிபர், போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாடம் நடக்குது."