மூழ்காதவர் சங்கம்

"மூழ்காது" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வாய் கசக்கும். அந்தச் சொல்லைச் சொல்லி விற்ற படகுகளை இருபத்தாறு வருஷமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படகைவிட அதன் சொந்தக்காரர்தான் பெரும்பாலும் அதிகம் ஊறிப்போயிருப்பார்.

அமெரிக்காவின் நாராகன்செட் விரிகுடாக் கரையில் பழைய படகுகளைச் சோதித்து, வாங்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். என் அப்பா மீன் வியாபாரி. ஸ்காலப் சிப்பிச் சதையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, அது குடித்த தண்ணீரையும் சேர்த்து எடை போட்டு விற்றவர். ஒரு பண்டம் எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்பதைக் கையில் எடுத்த உடனே சொல்லிவிடும் வித்தை எனக்கு அப்படித்தான் வந்தது. அப்பா தண்ணீரை விற்றார். படகு விற்பவன் தண்ணீரை மறைப்பான். நாற்றம் என்னவோ ஒன்றுதான்.

நவம்பர் நடுவில் டியோலிண்டா ரேகோ போன் செய்தாள். என்னோடு பள்ளியில் படித்தவள். நீளக் கம்பின் நுனியில் வாரியைக் கட்டி, விரிகுடாவின் அடியிலிருந்து மட்டி அள்ளிப் பிழைக்கிறவள்.

"செராஃபிம், என் பலகைப் படகு போச்சுப்பா. புயல்ல பாறையில அடிச்சு அடிப்பக்கம் பிளந்துகிச்சு. டிசம்பர் ஒண்ணாந்தேதி ஆத்துப் பக்கம் திறக்கிறாங்க, தெரியுமில்ல?"

தெரியும். வருஷம் முழுக்க மூடி வைத்திருக்கும் அந்த இடத்தை மட்டி அள்ள மூன்றே வாரம்தான் திறந்துவிடுவார்கள். அதில் அள்ளினால்தான் அவளுக்குக் குளிர்காலம் ஓடும். படகு இல்லாவிட்டால் மார்ச் வரை மீன் பாக்டரியில் நின்று அடுத்தவன் பிடித்த மீனை அறுக்க வேண்டும்.

"செட் வில்பர்கிட்ட பதினாறு அடி ஃபைபர் படகு ஒண்ணு இருக்கு. உள்ள நுரை அடைச்சது. மூழ்காதாம்."

"மூழ்காதுன்னு யாரு சொன்னது?"

"அவன்தான்."

"பின்ன வேற யாரு சொல்லுவா?"

செட் வில்பர் படகுக் கடைக்காரன் அல்ல. அதைவிடக் கேடு, அவன் பக்தன். அந்த ரகப் படகு வைத்திருப்பவர்களுக்கென்று இங்கே ஒரு சங்கம் உண்டு. பெயர் 'மூழ்காதவர் சங்கம்'. அவன் அதன் தலைவன். நீலத் தொப்பி, தொப்பியில் பாதியாக அறுத்த படகின் படம். அந்தப் படகை ரம்பத்தால் இரண்டாக அறுத்தாலும் பாதி மிதக்கும் என்பது அவர்கள் வேதம். அது பொய்யும் இல்லை. புதுப் படகை அறுத்தால் மிதக்கத்தான் செய்யும். ஆனால் முப்பது வருஷப் படகை எவனும் அறுத்துக் காட்டியதில்லை.

வில்பர் வீட்டு முற்றத்தில் படகு பளபளவென்று நின்றது. மெழுகு போட்டு, மெழுகின் மேல் மெழுகு போட்டிருந்தான்.

"வாங்க மேடம், வாங்க. இந்தப் பக்கம் வந்து பாருங்க." டியோலிண்டாவிடம் ஆரம்பித்தான். "வெளியே ஒரு ஓடு, உள்ளே ஒரு ஓடு. நடுவுல மருந்தை ஊத்தினா பிரெட் மாவு மாதிரி பொங்கி ரெண்டையும் ஒட்டிப் பிடிச்சுக்கும். மூணும் சேர்ந்து ஒரே கட்டி. பள்ளம் இல்ல, சந்து இல்ல, தண்ணி போறதுக்கு இடமே இல்ல."

"இது எல்லாம் என்ன?" என்றேன். தளத்திலும் பக்கச் சுவரிலும் திருகாணிகள். தூண்டில் கம்பு செருக, பீர் டப்பா வைக்க, வெப்பமானி மாட்ட, கடிகாரம் மாட்ட. ஒரு பித்தளை ஆந்தைகூட இருந்தது. அறுபத்தொரு ஓட்டை எண்ணினேன். ஒன்றைக்கூடப் பசை வைத்து அடைத்திருக்கவில்லை.

"அதெல்லாம் அலங்காரம்ப்பா."

அலங்காரம்! தண்ணீர் புக முடியாத பெட்டியை வாங்கி, அதில் அறுபத்தொரு கதவு வைத்து, ஆந்தையைக் காவலுக்கு உட்கார வைத்திருக்கிறான். அந்த ஓட்டை வழியாக வருஷா வருஷம் மழை சொட்டுச் சொட்டாக இறங்கும். ஜனவரியில் அது உறைந்து, விரிந்து, நுரைக்குள் இருக்கும் குமிழ்களை உடைக்கும். உடைந்த இடத்தில் அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடியேறும். வெளியே மெழுகு பூசிக்கொண்டே இருந்தால் ஒருவனுக்கும் தெரியாது.

ரப்பர் சுத்தியலால் தட்டினேன். முன்புறம் 'டக் டக்' என்றது. பின்பாதி ஈரத் தலையணையைக் குத்தியதுபோல் ஊமையாகக் கேட்டது. ஆந்தையைக் கழற்றினேன். ஓட்டையிலிருந்து ஆறிப்போன டீ நிறத்தில் ஒரு கோடு வழிந்தது. முகர்ந்தேன். பூச்சாடியில் ஒரு மாதம் மறந்துபோன தண்ணீர்.

"அது வெறும் வேர்வை," என்றான் வில்பர்.

"படகுக்கா உனக்கா?"

டியோலிண்டா சிரிக்கவில்லை. அவள் பார்வை படகின் மேலேயே இருந்தது. அவளுக்கு அது வேண்டும். வேண்டும் என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு பேரத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்; அதனால் நானே பேசினேன். "எடை போட்டுப் பார்ப்போம்."

ஊர்க் குப்பைக் கிடங்கில் லாரி எடைமேடை இருக்கிறது. டிரெய்லரோடு படகை ஏற்றினோம். 2310 பவுண்டு.

வில்பர் காகிதம் எடுக்காமலே கணக்குச் சொன்னான். "டிரெய்லர் 1060. எஞ்சினும் டாங்கும் 300. மிச்சம் 950. புத்தகத்துல அச்சடிச்ச எடையும் 950தான். பாத்தியா?"

ஒரு பவுண்டு பிசகவில்லை. முப்பது வருஷப் படகு, ஆந்தையோடு சேர்த்து, பிறந்த அன்றைக்கு இருந்த எடையில் நிற்கிறது! மீன் ஏலத்தில் இவ்வளவு அழகான கணக்கைக் கேட்டால் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

"அப்ப டிரெய்லரைத் தனியா எடை போடுவோம்."

"படகை எப்படிப்பா இறக்குவே?"

"தண்ணில விடுவோம். மூழ்காதுல்ல?"

ஆற்றுப் படகுத்துறை சரிவில் சங்கத்துக்காரர்கள் நாலு பேர் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தார்கள். சனிக்கிழமை காலை எப்போதும் அங்கேதான் இருப்பார்கள், அதே நீலத் தொப்பியோடு. படகை நழுவவிட்டதும் கை தட்டினார்கள். அது மிதந்தது, பின்புறத்தைக் கொஞ்சம் அமுக்கிக்கொண்டு. சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாயும் தொந்திக்காரன் மாதிரி.

நான் வெறும் டிரெய்லரை எடைமேடைக்கு இழுத்துப் போய்ச் சீட்டோடு திரும்பினேன். 520.

"செட், உன் டிரெய்லர் பாதியா இளைச்சுப் போச்சு. மிச்சம் 540 பவுண்டு இந்தப் படகுக்குள்ள இருக்கு. அறுபத்தஞ்சு கேலன் தண்ணி. கக்கூஸ் தொட்டி அவ்வளவு பிடிக்காது."

"அது... டிரெய்லர் எடையை நான் பழைய டிரெய்லரோடது சொல்லிட்டேன் போல..."

அவனுக்கு வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். தொப்பிகள்தான் கொதித்தன. ஹோரஸ் டில்லிங்காஸ்ட் என்ற ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் என் நெஞ்சுக்கு நேரே விரலை நீட்டினார். "இந்த நுரை தண்ணி குடிக்காது ஐயா. குமிழ் குமிழா மூடியிருக்கும். குடிக்கவே குடிக்காது."

"எடைச் சீட்டு என்ன சொல்லுதுன்னு பாருங்க."

"சீட்டைக் கொண்டுபோய் குப்பையில போடு. டேய், வாங்கடா ஏறுவோம். நாமளே காட்டுவோம் இவனுக்கு."

டியோலிண்டா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ஏறுங்க. அஞ்சு பேரும் ஏறி பின்பக்கமா நில்லுங்க. ஒரு நாளைக்கு நான் ஏத்துற மட்டி மூட்டையும் கிட்டத்தட்ட உங்க எடைதான் வரும்."

வில்பரோடு ஐந்து பேர் ஏறினார்கள். நல்ல சாப்பாட்டு ஆட்கள். பின்புறம் தணிந்தது. தளத்தில் விழும் மழையை வெளியே விடுவதற்கு மூலையில் ஒரு ஓட்டை உண்டு; அதன் வழியாக ஆறு உள்ளே வந்தது. முதலில் ஷூ நனைந்தது. பிறகு கணுக்கால். பிறகு முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. திருகாணி ஓட்டைகளிலிருந்து பழுப்பு நிறச் சாறு நூல் நூலாகக் கிளம்பி அவர்கள் கால்களைச் சுற்றியது. கரை வரைக்கும் வீச்சம்.

"பாத்தியா!" கத்தினார் டில்லிங்காஸ்ட். உதடு நீலம் பாய்ந்திருந்தது. "மூழ்கலை! மூழ்குச்சா? சொல்லு!"

"மூழ்கலை," என்றேன்.

"எழுத்துல குடு!"

நவம்பர் ஆற்றில் கெண்டைக்கால் அளவு சாக்கடையில் ஐந்து கிழவர்கள் காப்பிக் கோப்பையை உயரப் பிடித்துக்கொண்டு ஜெயித்துவிட்டதாகச் சிரித்தார்கள். ஒருவனும் இறங்கவில்லை. இறங்கினால் தோற்றதாகிவிடுமாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏமாற்றுகிறவனோடு எனக்குப் பேசத் தெரியும், அவனுக்குக் கூச்சம் என்று ஒன்று எங்கேயாவது இருக்கும். கால் விறைத்துப் போயும் நனையவில்லை என்கிறவனை என்ன செய்வது?

டியோலிண்டா டிசம்பர் ஒன்றாந்தேதி வரை விரல் விட்டு எண்ணினாள். அவளுக்கு மிச்சம் இருந்தது பதினாறு நாள்.

"செட் அண்ணே," என்றாள், "எனக்கு மூழ்காத படகு வேணாம். நான் நனையாம நிக்கிற படகு வேணும்."

"மேடம், வெலையைக் கொறைச்சுக்கலாம்..."

"நீங்க முதல்ல இறங்கிக் காலைத் துடைங்க."

இருவரும் வண்டியில் திரும்பினோம். என் வீட்டு வாசலில் இறங்கியதும் கொட்டகைப் பக்கம் போய், உள்ளே கவிழ்த்து வைத்திருந்த என் அலுமினியப் படகைக் காலால் தட்டினாள். ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுவதற்காக நான் வைத்திருந்தது.

"அது விக்கிறதுக்கு இல்ல," என்றேன்.

"ஒழுகுமா?"

"ஒழுகும். நடுப் பெஞ்சுக்குக் கீழே பதினோரு ரிவெட் ஆணி வழியா."

"எண்ணி வச்சிருக்க."

"எண்ணாம?"

"வெல சொல்லு."

சொன்னேன். பாதி சொன்னாள். நான் என் குடும்பத்தைப் பற்றி, தொழிலைப் பற்றி, அலுமினியத்தின் மகிமையைப் பற்றிப் பேசினேன். அவள் படகை நிமிர்த்தி வண்டியை நோக்கி இழுக்க ஆரம்பித்துவிட்டாள். பாதிக்கே போயிற்று.

வில்பரின் படகு அடுத்த வாரமே கனெக்டிகட் பல் டாக்டர் ஒருவருக்கு விலை போனது. ஐந்து பேர் ஏறியும் மூழ்காததை ஊர்ப் படகுச் சோதனைக்காரன் நேரில் பார்த்ததாக விளம்பரம். அந்த ஊர்ச் சோதனைக்காரன் நான்தான். பல் டாக்டரின் நம்பரைத் தேடிப் பிடித்து எடைக் கணக்கைச் சொன்னேன். "ஆனா மூழ்காதுல்ல?" என்றார். போனை வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

டிசம்பர் ஒன்றாந்தேதி மதியம் துறைக்குப் போனேன். டியோலிண்டா பத்து மூட்டை மட்டியோடு வந்து கரையேறினாள். ரப்பர் பூட்ஸ், கையில் தண்ணீர் இறைக்கும் டப்பா, மூக்கு சிவந்திருந்தது.

"நீயும் உன் அப்பன் பிள்ளைதான்," என்றாள். "பதிமூணு ரிவெட்."