ஏலத்தில் கேட்ட மன்னிப்பு

இருபத்தாறு வயதில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு வந்தால் வீட்டில் மாலையா போடுவார்கள்? எங்கள் அம்மா ரோசி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரிடம் சொன்னாள். "ஏசி ரூமை வுட்டுட்டு மீன் கூவப் போறாராம் தொரை. இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

ஐந்து வருடம் கால் சென்டரில் உட்கார்ந்து, யார் வீட்டிலோ வாஷிங் மெஷின் ஓடாததற்கு நான் திட்டு வாங்கினேன். குரலை உயர்த்தக் கூடாது. ராயபுரத்தில் பிறந்த தொண்டை இது. அடக்கி அடக்கி வெறுத்துப்போயிற்று. காசிமேட்டில் மீன் ஏலம் கூவ வேண்டும் என்பதுதான் சின்ன வயதிலிருந்து என் ஆசை. விசைப்படகு வைத்திருக்கும் கஸ்பார் அண்ணன் கடைசியில் இறங்கி வந்தார். "ஒரு நாளு கூவிப் பாரு அலெக்ஸு. வெல சறுக்குச்சின்னா பழைய வேலைக்கே ஓடிடணும், சொல்ட்டேன்."

மறுநாள் விடியற்காலையில் சங்கரா மீன் கூடைகளுக்கு நடுவே நின்று ஆசை தீரக் கூவினேன். விலை நன்றாகவே ஏறியது. அப்போதுதான் சிலுவையம்மாள் அக்கா முன்னால் வந்தார். அவர் கேட்கும் விலையைப் பார்த்துத்தான் மற்ற மீன்கார அம்மாக்கள் கேட்பார்கள். "இன்னாடா இது, நேத்து மீனா? கலீஜா கீது!" என்றார்.

ஏலத்தில் மீனைக் குறை சொல்வது வழக்கம். எல்லாம் விலையைக் குறைக்கத்தான். கூவுகிறவன் அதைவிடச் சத்தமாகத் திருப்பிக் கத்த வேண்டும். என் பாழாய்ப்போன வாயோ பழக்கதோஷத்தில் குழைந்தது: "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம் மேடம்."

"அவனே ஒத்துக்கினான்! பழைய மீனுதான்!" என்று யாரோ கத்த, ஆளாளுக்குப் பின்வாங்கினார்கள். கஸ்பார் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். போச்சு, திரும்பவும் வாஷிங் மெஷின்தான்.

வேறு வழியில்லாமல் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினேன். "சொல்லுங்கக்கா, கேட்டுகினு கீறேன்."

சிலுவையம்மாள் ஆரம்பித்தார். மீனைத் திட்டி, படகைத் திட்டி, ஐஸ்காரனையும் ஆட்டோக்காரனையும் ஒரு பிடி பிடித்து, மருமகனில் வந்து நின்றார். நான் குறுக்கே பேசவில்லை. இடம் பார்த்து "ம்" போட்டேன். அந்த அம்மாளை யாருமே முழுசாகப் பேசவிட்டதில்லை போலிருக்கிறது. மூச்சு வாங்க நிறுத்தினார்.

"வேற எதுனா கீதாக்கா?" என்றேன்.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். நல்ல சிவப்பு. "மீனு நல்லாத்தான்டா கீது," என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு, தானே விலையை ஏற்றினார். அவர் ஏற்றினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கூடைகள் பறந்தன.

போகும்போது திரும்பி நின்று, "கஸ்பாரு, நாளிக்கும் இந்தப் புள்ளையே கூவட்டும்," என்றார்.

கஸ்பார் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "காதுல வுழுந்துச்சில்ல? சீக்கிரமா வந்து தொல," என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. என்னைத் திட்டிய ஒருவர், மறுநாளும் நான்தான் வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.